நாற்பத்தோராயிரம் பேருக்கு ஒரு பதில்

சங்கரபாண்டி அந்தத் தண்ணீரைக் குடித்திருக்கக் கூடாது.

குடித்து இரண்டு வருடம் ஆகிறது. எவர்சில்வர் தம்ளரில் தளும்பத் தளும்பக் கொடுத்தாள் ஜெபக்கனி. உப்பளத்து வெயிலில் நாக்கு மேலண்ணத்தோடு ஒட்டிக்கொண்டிருந்த நேரம். ஒரே மூச்சில் குடித்துவிட்டுப் புறங்கையால் வாயைத் துடைத்துக்கொண்டான். "இன்னும் கொஞ்சம் ஊத்தட்டா தம்பி?" என்று கேட்டாள். "இருக்கட்டும் யக்கா, உங்களுக்கு வேணும்ல" என்றான். "தண்ணிக்கென்ன, நெறையக் கெடக்கு. குடிங்க" என்றாள். இரண்டாவது தம்ளரையும் குடித்தான். அவன் மடியில் பெட்டி ஓடிக்கொண்டிருந்தது.

அந்தப் பெட்டியைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். சோப்பு டப்பா அளவு, சாம்பல் நிறம். மக்கள் மனநிலை இயக்ககத்தின் கள அலுவலர்கள் எல்லோரிடமும் ஒன்று உண்டு. ஒருவர் வீட்டில் மூன்று நாள் அதை வைத்துக்கொண்டு உட்கார்ந்து, அவரைப் பேசவிட்டு, சிரிக்கவிட்டு, சலித்துக்கொள்ளவிட்டுப் பதிவு செய்ய வேண்டும். அதிலிருந்து அவருடைய சாயல் ஒன்றை இயக்ககத்தின் கணினிகள் செய்துகொள்ளும். அதற்குப் பிறகு அந்த மனிதரை யாரும் தொந்தரவு செய்ய வேண்டியதில்லை. கேள்வியைச் சாயலிடம் கேட்டால் போதும், அவர் சொல்லக்கூடியதை அது சொல்லிவிடும். இப்படி இருபதாயிரம் சாயல்கள், மாநிலத்தின் எட்டுக் கோடிப் பேருக்கும் சேர்த்து. காலையில் அரசாங்கம் கேள்வி கேட்கும். மத்தியானம் சதவீதம் வரும். சாயங்காலம் அரசாணை வந்துவிடும்.

இதனால் நல்லதே நடக்கவில்லை என்று சொன்னால் அது பொய். ஒரு கோடையில் பள்ளிக்கூட நேரத்தைக் காலை ஏழுக்கு மாற்றியது சாயல்களைக் கேட்டுத்தான். ரேஷன் கடையில் கைரேகை விழாத கிழவர்களைத் திருப்பி அனுப்பும் கொடுமை நின்றதும் அப்படித்தான். ஒருபோதும் கேட்காத அரசாங்கம் கேட்க ஆரம்பித்திருக்கிறது என்று சங்கரபாண்டி ஆறு வருடமாக மார்தட்டிக்கொண்டு திரிந்தான். சொந்தக்காரர்கள் கல்யாண வீட்டில் அவனைப் பிடித்துவைத்து, எங்கள் தெருவுக்குச் சாக்கடை வருமா என்று கேட்பார்கள். அவனும் ஏதோ தன் சட்டைப்பையிலிருந்து எடுத்துக் கொடுப்பதைப் போலச் சிரிப்பான்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் அந்தச் சிரிப்பு போயிற்று. அவன் மேசைக்கு ஒரு கடிதம் வந்தது. இயக்ககத்துக்கு வரும் மனுக்களை மனிதர்கள் படிப்பதில்லை. இயந்திரமே பிரித்து, இயந்திரமே பதில் போட்டு அனுப்பிவிடும். இந்தக் கடிதம் மட்டும் எப்படித் தப்பி வந்தது என்றால், உறையின் மேல் இப்படி எழுதியிருந்தது: "எங்கள் ஊரில் தண்ணீர் குடித்துவிட்டுப் போன சங்கரபாண்டி சார் கையில் கொடுக்கவும்."

எழுதியவள் தருவைக்கரை செல்லத்தாய். ஜெபக்கனிக்குப் பக்கத்து வீடு.

"ஐயா, தினமும் வந்துகொண்டிருந்த தண்ணீர் லாரி இப்போது நாலு நாளைக்கு ஒருமுறை வருகிறது. மனு போட்டோம். உங்கள் பகுதியின் அறுபத்தொரு ஊர் மக்களில் தொண்ணூற்றாறு சதவீதம் பேர் குடிநீர் போதுமானது என்று கருதுகிறார்கள் என்று பதில் வந்தது. அது யார் என்று எங்கள் ஊரில் வீடு வீடாகப் போய்க் கேட்டோம். ஒருத்தரும் இல்லை. இன்னொரு மனு போட்டோம். பதிவில் பிழை இருந்தால் பதிவு செய்த அலுவலர் வேலையிலிருந்து நீக்கப்படுவார், ஆனால் பிழை இல்லை என்று பதில் வந்தது. எங்கள் ஊருக்குக் கேள்வி கேட்க வந்தவர் நீங்கள் ஒருவர்தான். ஜெபக்கனி வீட்டைத் தவிர நீங்கள் வேறு யாரைக் கேட்டீர்கள்? அவர் எந்த ஊர் தண்ணீரைக் குடிக்கிறார்?"

கீழே அறுபத்து மூன்று கைரேகைகள். அதில் ஒன்று ஜெபக்கனியுடையது.

சங்கரபாண்டி கடிதத்தை இன்னொரு முறை படித்தான். யாரைக் கேட்டோம் என்று அவனுக்குத் தெரியும். என்ன கேட்டோம், என்ன பதில் வந்தது என்பதும் தெரியும். அந்த மூன்று நாளும் அவள் ஒவ்வொரு தடவை தம்ளரை நீட்டும்போதும், கருப்பட்டிக் காப்பி போடும்போதும், கை கழுவச் செம்பை எடுத்துவரும்போதும் "நெறையக் கெடக்கு" என்று சொன்னாள். அதை இயந்திரம் பதினொரு இடத்தில் குறித்துவைத்திருந்தது. வீட்டுக்கு வந்தவனிடம் தண்ணீர் இல்லை என்று எந்த வீட்டில் சொல்வார்கள்? அவனுடைய அம்மாவும் அரிசிப்பானை காலியாக இருந்த நாட்களில் வாசலுக்கு வந்தவரிடம் "இருந்து சாப்பிட்டுத்தான் போகணும்" என்றவள்தான். அவனுக்கு இது புரியாத விஷயமா?

புரிந்திருந்தது. அதுதான் அசிங்கம். லாரி தினமும் வந்துகொண்டிருந்த அந்தக் காலத்திலேயே, மூன்றாம் நாள் காலையில் கொல்லைப்பக்கம் போனபோது குடங்கள் எல்லாம் காலியாக நிற்பதைப் பார்த்தான். காற்றில் உருண்டு போகாமல் இருக்க ஒவ்வொன்றிலும் ஒரு கல் கிடந்தது. ஜெபக்கனி செல்லத்தாய் வீட்டிலிருந்து அரைக்குடம் கடன் வாங்கி இடுப்பில் வைத்துக்கொண்டு வருவதையும் பார்த்தான். அந்தத் தண்ணீரில் போட்ட காப்பியைக் குடித்தான். கடைசியில் பெட்டி அவனிடம் கேட்டது. பதிவு உண்மையானது என்று சான்றளிக்கிறீர்களா, அல்லது ஐயம் உள்ளதா? ஐயம் என்று அழுத்தினால் இன்னும் மூன்று நாள் உட்கார வேண்டும். ஐந்து நாற்பதுக்கு ரயில். சான்று என்பதில் கட்டைவிரலை வைத்துவிட்டுக் கிளம்பினான்.

இயக்குநர் ஹேமலதாவின் அறைக்குக் கடிதத்தோடு போனான். அவள் கெட்டிக்காரி. புள்ளியியலில் அவளுக்கு நிகராக மாநிலத்தில் நாலு பேர் இருந்தால் அதிகம். கடிதத்தை நிதானமாகப் படித்தாள்.

"எந்தச் சாயல் இது?"

"1147 மேடம். உப்பளத் தொழிலாளி, தெற்குக் கடலோரம், பெண்."

"எடை எவ்வளவு?"

ஒரு சாயல் எத்தனை பேருக்காகப் பேசுகிறதோ, அதற்குத் துறைக்குள் எடை என்று பெயர்.

"நாற்பத்தோராயிரம். அறுபத்தொரு ஊர்."

"அவ்வளவா? சிட்டியில ஆயிரத்தைந்நூறு பேருக்கு ஒண்ணு வெச்சிருக்கோமே!"

"அளத்து வெயில்ல மூணு நாள் உட்கார யாரும் ஒத்துக்கல மேடம். நான் ஒருத்தன்தான் போனேன். ஒரு வீட்டுலதான் உட்கார முடிஞ்சது."

"அப்போ இந்தத் தொண்ணூத்தாறு?"

"ஒரே சாயலைக் கேள்வியை மாத்தி மாத்தி ஆயிரம் தடவை கேட்டிருக்கோம். தொள்ளாயிரத்து அறுபது தடவை போதும்னு சொல்லியிருக்கு. அதைத்தான் மக்கள்ல தொண்ணூத்தாறு சதவீதம்னு எழுதியிருக்கோம்."

"வேற எப்படி எழுதுறது?" என்றாள் ஹேமலதா. கிண்டல் இல்லை, உண்மையாகவே கேட்டாள்.

"மேடம், அந்தம்மா சொன்னது உபசாரம். அது கருத்தே இல்ல. வந்தவனுக்குத் தண்ணி கொடுக்கும்போது சொல்ற பேச்சு அது."

"சரி. அதே மாதிரி, மனுவுல கோவமா எழுதுறது கருத்துன்னு எப்படிச் சொல்றீங்க? அதுவும் ஒரு நேரத்துப் பேச்சுதானே? நீங்க இங்க வர்றதுக்கு முன்னாடி எப்படி இருந்துச்சு தெரியுமா? போன் பண்ணினா வெச்சிடுவாங்க. கதவைத் திறக்க மாட்டாங்க. திறந்தாலும் பக்கத்துல கட்சிக்காரர் நின்னா ஒரு பதில், மாமியார் நின்னா ஒரு பதில். கத்தத் தெரிஞ்சவனுக்கு எல்லாம் கிடைச்சுது. வாயைத் திறக்காதவனுக்கும் ஒரு குரல் வேணும்னுதானே இந்தத் துறையையே ஆரம்பிச்சோம்?"

"வாயைத் திறக்காதவங்ககிட்ட இருந்துதான் மேடம் இப்போ தண்ணியை எடுத்திருக்கோம்."

அவள் கணினியைத் திருப்பிக் காட்டினாள். உப்பளத்து ஊர்களுக்குப் போக வேண்டிய தண்ணீர் 'உபரி' என்ற தலைப்பில் நகரத்துக்குத் திருப்பப்பட்டிருந்தது. நகரத்தின் அடுக்குமாடிச் சாயல்கள் எண்பத்தெட்டு சதவீதம் தண்ணீர் போதவில்லை என்று சொல்லியிருந்தன. எதற்குப் போதவில்லை என்ற காரணமும் கீழே இருந்தது. கார் கழுவ, மொட்டைமாடித் தோட்டத்துக்கு, நாய் குளிக்க. சங்கரபாண்டிக்கு அதைப் படிக்கப் படிக்க வாயில் எச்சில் கசந்தது. அந்த நகரத்தில்தான் அவனும் குடியிருந்தான், அவன் வீட்டுக் குழாயிலும் இரண்டு மாதமாகத் தண்ணீர் வேகமாகத்தான் வந்துகொண்டிருந்தது.

"வழி இருக்கா மேடம்?"

"இருக்கு. சரிபார்ப்பு நேர்காணல். அந்தம்மாவை நேர்ல போய் அஞ்சே கேள்வி கேக்கணும். பெட்டி ஆபீசை விட்டுக் கிளம்பும்போதே ஆன் ஆயிடும். எதைச் சொல்லணும்னு நீங்க ஒரு வார்த்தை எடுத்துக் கொடுத்தாலும் நேர்காணல் செல்லாது. அவங்க எத்தனை பேருக்காகப் பேசறாங்கன்னும் சொல்லக் கூடாது, தெரியும்ல?"

"தெரியும். மறுபடியும் போதும்னு சொல்லிட்டாங்கன்னா?"

"கடைசியில உங்களைக் கேக்கும், சான்றா, ஐயமான்னு. நீங்க ஐயம்னு போட்டா இந்தச் சாயலை நிறுத்திட்டு, அறுபத்தொரு ஊருக்கும் ஆள் போய் வீடு வீடாக் கேப்பாங்க. அதுவரைக்கும் லாரி பழையபடி தினமும் ஓடும். ஆனா உங்களோட முதல் பதிவையும் விசாரிப்பாங்க. அதுல சான்றுன்னு உங்க விரல் இருக்கு." கடிதத்தை மடித்து அவனிடம் நீட்டினாள். "வேலை போயிடும் சங்கரபாண்டி."

"யாரை அனுப்புவீங்க?"

"அதை யோசிக்கணும். அரை மணி நேரம் கழிச்சு வாங்க."

அரை மணி நேரம் கேண்டீனில் உட்கார்ந்திருந்தான். திங்கள்கிழமை உப்புமாவை நிறுத்தியதுகூட ஊழியர்களுடைய சாயல்களைக் கேட்டுத்தான் என்று அங்கே ஒரு அறிவிப்பு ஒட்டியிருந்தது. சங்கரபாண்டிக்கும் ஒரு சாயல் உண்டு. வேலையில் சேர்ந்தபோது எல்லோருக்கும் எடுத்ததுதான். அதை அவன் மறந்தே போயிருந்தான்.

திரும்பிப் போனபோது ஹேமலதா புன்னகையோடு இருந்தாள்.

"நீங்களே போங்க" என்றாள்.

அவனுக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. நம்மை நம்புகிறாள் என்று நினைத்தான். ரயிலில் போகும்போதே தீர்மானம் செய்துகொண்டான். அந்தம்மா என்ன சொன்னாலும் சரி, ஐயம் என்றுதான் போடப்போகிறோம். வேலை போனால் போகட்டும். இரண்டு பெண்களும் காலேஜில் படிக்கிறார்கள், வீட்டுக்காரிக்கு ஒரு கம்பெனியில் வேலை இருக்கிறது, பட்டினி கிடந்து சாகப்போவதில்லை. இதையெல்லாம் மனசுக்குள் சொல்லிக்கொண்டபோது அவனுக்கே தன்மேல் ஒரு மரியாதை வந்தது. ரயிலில் உட்கார்ந்திருக்கும்போது வீரம் சும்மா வரும்.

தருவைக்கரைக்கு வெள்ளிக்கிழமை காலை பதினொரு மணிக்குப் போய்ச் சேர்ந்தான். அளத்து வரப்பில் நடக்கும்போதே வெள்ளை வெளிச்சம் கண்ணைக் குத்தியது. பாத்தியில் நின்று உப்பு வாருகிற பெண்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். ஊர் முகப்பில் லாரி வந்து நிற்கும் இடத்தில் குடங்கள் வரிசையாக இருந்தன. சிவப்பு, பச்சை, மஞ்சள், எல்லாவற்றிலும் கல். லாரி மறுநாள்தான் வரும். குடங்கள் மட்டும் இன்றைக்கே இடம் பிடித்து நின்றன.

செல்லத்தாய் முதலில் எதிர்ப்பட்டாள். வாட்டசாட்டமான பெண். கண்ணில் உப்புக்காற்று அறுத்த சிவப்பு.

"வந்துட்டாவ பாருங்க! இன்னைக்கு யாரு வீட்டுக் குடத்தக் காலி பண்ணப் போறீய?"

"யக்கா, உங்க லெட்டர் கெடைச்சுது. அதுக்குத்தான் வந்திருக்கேன்."

"வந்து? காஞ்ச நாக்க நீட்டிக் காட்டவா? ஜெபக்கனியத் தவிர எத்தன பேரக் கேட்டீயன்னு சொல்லுங்க. ஒரு பேரச் சொல்லுங்க பாப்போம்."

பெட்டி அவன் தோள்பையில் விழித்துக்கொண்டிருந்தது. "சொல்லக் கூடாது யக்கா" என்றான்.

"சொல்லக் கூடாதாம்ல! எங்க வீட்டுல எத்தன குடம், எத்தன கக்கூசு, நாங்க எப்போ போறோம், எப்போ வாறோம்னு எல்லாத்தையும் கேட்டு எழுதுவீய. நாங்க ஒண்ணு கேட்டா சொல்லக் கூடாது." அவள் அவன் காலுக்குப் பக்கத்தில் காறித் துப்பினாள். துப்ப எச்சிலும் அதிகம் இல்லை. நேர்காணல் நடக்கும்போது நூறு அடிக்குள் யாரும் இருக்கக் கூடாது என்று அவன் தயங்கித் தயங்கிச் சொன்னான். அவள் பாத்தியைப் பார்த்து நடந்தாள்.

ஜெபக்கனி வீட்டில்தான் இருந்தாள். ஐம்பத்தாறு வயது. இரண்டு வருடத்தில் பாதியாகிவிட்டிருந்தாள். அவனைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. அதைத்தான் அவனால் தாங்க முடியவில்லை.

"வாங்க தம்பி, வாங்க! இந்த வெயில்லயா வாறது? இருங்க, காப்பி போடுதேன்."

"வேண்டாம் யக்கா."

"என்ன வேண்டாம்? ஒரு வாய்."

"வேண்டாம் யக்கா, நான் குடிச்சிட்டுத்தான் வந்தேன். ஒண்ணும் வேண்டாம்."

அவள் முகம் சுருங்கிப்போயிற்று. அடித்ததுபோல இருந்திருக்கும். கையில் எடுத்த பாத்திரத்தை மெல்லக் கீழே வைத்தாள். பெட்டி அதைக் கேட்டிருக்கும், ஆனால் அது கணக்கில் வராது. முதல் பதிவில் தும்மலிலிருந்து எல்லாமே கணக்கு. சரிபார்ப்பில் அந்த ஐந்து கேள்விக்கான பதில் மட்டும்தான் கணக்கு. இப்படி ஒரு விதியை எழுதியவன் நிச்சயமாகக் குளிர்ந்த அறையில் உட்கார்ந்துதான் எழுதியிருப்பான்.

"உங்க மக ரோஸ்லினை எங்க யக்கா?"

"பெரியாஸ்பத்திரில. பதினேழு நாளாச்சு. நீர்க்கடுப்புன்னு சொல்லிக்கிட்டே இருந்தா. வேலைக்குப் போற எடத்துல ஒதுங்கவும் வழியில்ல, குடிக்கவும் தண்ணியில்லன்னு அடக்கி அடக்கியே வச்சிருக்கா. கிட்னில போய் நிக்குதாம். நாளைக்கு நாலு லிட்டர் தண்ணி குடிக்கணும்னு டாக்டரு சொல்லுதாரு. எனக்குச் சிரிப்பு வந்துட்டு தம்பி. சத்தியமா, அவரு முன்னாலயே சிரிச்சுட்டேன்."

ரோஸ்லினுக்கு இருபத்து நாலு வயது. போன தடவை அவள்தான் பெட்டியைத் தொட்டுப் பார்த்து, "இதுக்குள்ள எங்கம்மா போயிருவாளா சார்?" என்று கேட்டாள்.

சங்கரபாண்டி பெட்டியை எடுத்துத் தரையில் வைத்தான். அது தன் பெண்குரலில் ஆரம்பித்தது. பெயர், ஊர், தொழில். நாலாவது கேள்வி மின்சாரம் பற்றி. ஜெபக்கனி பட்டென்று பதில் சொன்னாள். ஐந்தாவது கேள்விக்கு முன்னால் பெட்டி சில விநாடிகள் இடைவெளி விடும். அந்த இடைவெளியில் அவள் அவனைப் பார்த்தாள்.

"தம்பிக்குப் பிள்ளைய எத்தன?"

"ரெண்டு பொண்ணு யக்கா."

"படிக்காவளா?"

"காலேஜ் போறாங்க."

அவள் தலையை ஆட்டிக்கொண்டாள். ஏதோ ஒரு கணக்கைப் போட்டு முடித்துவிட்டாள் என்று அவனுக்குத் தெரிந்தது. என்ன கணக்கு என்றும் தெரிந்தது. வேண்டாம் யக்கா என்று கத்த வேண்டும்போல இருந்தது. கத்தவில்லை.

"உங்கள் பகுதிக்குக் கிடைக்கும் குடிநீர் உங்களுக்குப் போதுமானதாக இருக்கிறதா?" என்று பெட்டி கேட்டது.

"போதும்மா" என்றாள் ஜெபக்கனி. "கொற ஒண்ணுமில்ல."

பெட்டி நன்றி சொன்னது.

சங்கரபாண்டி அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். அவள் குரலைத் தாழ்த்திக்கொண்டு, பெட்டிக்குக் கேட்காது என்று நினைத்துக்கொண்டு சொன்னாள்.

"பதிஞ்சது தப்புன்னா எழுதிட்டுப் போனவருக்கு வேல போயிரும்னு லெட்டர் வந்துதுல்லா, செல்லத்தாய் வாசிச்சா. எனக்கு ராத்திரி முழுக்கத் தூக்கமில்ல தம்பி. எங்க வீட்டுல உக்காந்து சாப்ட்ட மனுசன், என் வாய்ச்சொல்லால உங்க குடும்பம் தெருவுல நிக்கப்படாதுன்னு. நான் ஒருத்தி சொல்லியா லாரி வரப்போவுது? மத்த அறுவது ஊர்லயும் கேப்பீயல்ல, அவுக உள்ளதச் சொல்லுவாவ. என் ஒருத்தி பதிலு அதுல கரைஞ்சு போயிரும். நீங்க வெசனப்படாதீய."

அறுபது ஊரிலும் கேட்க ஒருவரும் இல்லை. அவள்தான் அறுபது ஊரும். அதைச் சொல்ல அவனுக்கு மூன்று சொல் போதும். சொல்லிவிட்டால் நேர்காணல் செல்லாது, பழைய பதிலே நிற்கும் என்பது விதி. அந்த விதி அப்போது அவனுக்கு ரொம்பவும் சௌகரியமாக இருந்தது.

அவள் எழுந்து போய் ஒரு தம்ளர் தண்ணீர் கொண்டுவந்தாள்.

"காப்பிதான் வேண்டாம்னுட்டீய. இதையாவது குடிங்க. வெறும் வாயோட போகப்படாது."

இந்த முறை தம்ளர் பாதிதான் இருந்தது. அவள் கை நீட்டியபடியே நின்றாள். சங்கரபாண்டி வாங்கினான். குடித்தான். கலங்கலாக, கொஞ்சம் பிளாஸ்டிக் வாசனையோடு, கொஞ்சம் உப்பாக இருந்தது.

வரப்புக்கு வந்து ஒரு கருவேல மரத்தின் கீழே நின்றான். பெட்டியின் முகத்தில் இரண்டு கட்டங்கள் ஒளிர்ந்தன. இடப்பக்கம் 'சான்று', வலப்பக்கம் 'ஐயம்'. பதினைந்து நிமிடத்துக்குள் விரல் வைக்க வேண்டும். ரயிலில் எடுத்த தீர்மானம் இருந்த இடத்தைத் தேடினான். பெரியவளுக்கு இன்னும் இரண்டு வருடப் படிப்பு இருப்பது ஞாபகம் வந்தது. நாற்பத்தாறு வயதில் வேறு எந்த வேலைக்குப் போவது என்ற கேள்வி வந்தது. அந்தம்மாவே மனசார என்னைக் காப்பாற்றியிருக்கும்போது அதைத் தட்டிவிடுவது அவளை அவமதிப்பதாகாதா என்றுகூட ஒரு யோசனை வந்தது. மனசு இருக்கிறதே, அதைப் போலச் சாக்கடை கிடையாது. எதைப் போட்டாலும் வழியைக் கண்டுபிடித்து ஓடிவிடும்.

போன் அடித்தது. ஹேமலதா.

"முடிஞ்சுதா சங்கரபாண்டி? சான்று இன்னும் வரலையே?"

"யோசிச்சுக்கிட்டிருக்கேன் மேடம்."

"யோசிங்க, யோசிங்க. மூணு நிமிஷம் இருக்கு." அவள் குரலில் அவசரமே இல்லை. "அந்தம்மா போதும்னு சொல்லிட்டாங்கல்ல?"

அவன் திடுக்கிட்டான். "பதிவு இன்னும் உங்களுக்கு வந்திருக்காதே?"

"வரலை. ஆனா அவங்க அப்படித்தான் சொல்வாங்கன்னு தெரியும். நீங்க சான்று போடுவீங்கன்னும் தெரியும். அதனாலதான் வேற யாரையும் அனுப்பல."

"நான் ஐயம்னு போடலாம்னு இருக்கேன் மேடம்."

"அதுவும் தெரியும். ரயில்ல அப்படித்தான் நினைப்பீங்க. அங்க போனதும் மாறிடும்னு வந்துச்சு. தொண்ணூத்தொம்பது சதவீதம்."

"யாரைக் கேட்டீங்க?"

"செவ்வாய்க்கிழமை அரை மணி நேரம் வெயிட் பண்ணச் சொன்னேன்ல?" என்றாள் ஹேமலதா. "உங்களைத்தான் கேட்டேன்."

போன் நின்றது. அளத்தில் காற்று வீசியது. லாரி நிற்கும் இடத்தில் குடங்களுக்குள் கற்கள் உருண்டு மோதும் சத்தம் கேட்டது.

இந்த இடத்தில் அவன் பெட்டியைத் தூக்கி உப்புப் பாத்தியில் வீசினான் என்று எழுதத்தான் ஆசை. அல்லது, தொண்ணூற்றொன்பது போக மீதி அந்த ஒரு சதவீதத்தைப் பிடித்துக்கொண்டு வலப்பக்கக் கட்டத்தில் விரலை அழுத்தினான் என்றாவது எழுதலாம். கட்டைவிரலை வலப்பக்கம் கொண்டுபோனான் என்பது உண்மைதான். ஒரு விநாடி அங்கே நின்றது. பிறகு இடப்பக்கம் வந்து உட்கார்ந்தது.

பச்சை விளக்கு எரிந்தது. நேர்காணல் முடிந்தால், வழக்கமாகக் கள அலுவலரிடமும் ஒரு கேள்வி கேட்கும் பெட்டி. அவனுடைய சாயலைப் புதுப்பிக்க அது தேவை.

"உங்கள் பணியில் உங்களுக்குக் குறை ஏதும் உண்டா?"

சங்கரபாண்டி உதட்டை நக்கினான். அந்தத் தண்ணீரின் உப்பு இன்னும் இருந்தது.

"குறை ஒண்ணுமில்ல" என்றான்.